ஞாயிற்றுக்கிழமைக் கடல்

எங்கள் ஆபீஸ் மும்பை செம்பூரில் இருக்கிறது. தென் தமிழ்நாட்டுக் கடலுக்குள் பெரிய காற்றாலைப் பண்ணை ஒன்று வரப்போகிறது. அந்த இடத்தில் யாரெல்லாம் மீன்பிடிக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்களுக்கு வந்தது. எங்கள் ஆட்கள் கடலில் மீன்பிடிப் படகு கண்ட இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து வரைபடம் போடுவது என் பொறுப்பு. வைக்க ஒரு புள்ளிகூட இல்லை.

நான் தாராவியில் பிறந்தவள், அப்பாவின் ஊர் அந்தக் கரை. சித்தப்பா இன்றும் அங்கேதான் வலை போடுகிறார். காற்றாலை வந்தால் அதன் பக்கம் போக விடமாட்டார்கள். புள்ளி இருந்தால் மாற்று இடமாவது கேட்கலாம். இல்லையென்றால் கணக்கில் அப்படி ஒரு ஆளே கிடையாது.

எங்கள் ஆட்கள் கடலுக்குப் போய்ப் பார்த்த நாட்களைத் தேடினேன். எல்லாம் ஞாயிறு. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஏளா, ஞாயித்துக்கெழம எவம்ளா கடலுக்குப் போவான்? மாதா கோயில் பூசைக்குல்லா போவோம். வள்ளம் சும்மா கெடக்கேன்னுதான் ஒங்க ஆளுக கேட்டப்ப வாடகைக்கு விட்டோம்."

மற்ற நாளில் படகு கிடைக்காது, எல்லாம் மீன்பிடிக்கப் போயிருக்கும். அதனால் ஓய்வில் கிடந்த படகில் ஏறிப் போய்ச் சுற்றிவிட்டு, மீன்பிடிப்பவர் எவரும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு ஒரு படிப்பு, ஒரு சம்பளம்.

கரெண்ட் எனக்கும் வேண்டும். புகை இல்லாமல் காற்றிலிருந்து வந்தால் சந்தோஷம்தான். அதற்காக ஒரு ஊரையே இல்லாமல் ஆக்குவதா?

மேலாளர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சொன்னால் புரிந்துகொள்வார் என்று போனேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரிப்போர்ட் கிளையன்ட்டுக்குப் போயாச்சும்மா. இப்போ போய் மாத்தினா நம்ம பேர்தான் கெடும். அங்கே யார் எப்போ கடலுக்குப் போறான்னு நமக்கு எப்படித் தெரியும்? விடு."

ஆத்திரத்தோடு திரும்பினேன். கதவருகே போனபோது கூப்பிட்டார்.

"ஊர்க்காராகிட்ட திட்டத்தைச் சொல்ல ஒரு மீட்டிங் போடணும். உனக்கு அவா பாஷை வரும், நீயே வந்து பேசிடு. ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம். அன்னிக்குத்தான் ஒருத்தரும் கடலுக்குப் போகமாட்டா."

வருகிறேன் என்றேன். எங்கள் ஆபீஸ் எந்தக் கிழமையில் படகு தேடியது என்பதைத்தான் அங்கே முதலில் பேசுவேன்.