குடத்தின் வயிற்றில் ஒரு கறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நடுராத்திரி கிடையாது, சுடுகாடு கிடையாது, நாய் ஊளையிடாது. நடந்தது பட்டப்பகலில். போன ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டரைக்குள். இடம் ராயபுரம், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு மாடி அறை. சம்பந்தப்பட்ட சைமா இன்றைக்கும் நல்லபடியாக நடமாடுகிறாள். "கதை வுடாதே" என்று யாராவது சிரித்தால் போதும். படங்களைத் திறந்து, கேமரா குறித்து வைத்திருக்கும் நேரத்தைக் காட்டுவாள். கேமராவுக்குப் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சைமாவுக்குப் படம் எடுப்பது தொழில். கல்யாணப் படமில்லை, கடைச் சாமான் படம். குழாய், கரண்டி, குக்கர், கைக்கடிகாரம் என்று விளம்பரத்துக்குப் போகிற பளபளப்பான சாமான்கள். கூட வேலை செய்பவள் மகிழினி, வியாசர்பாடிக்காரி. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அம்மாவும் அத்தாவும் போன பிறகு சைமாவுக்கென்று இந்த ஊரில் மிச்சமிருந்தது மகிழினி ஒருத்திதான். அவள் தும்மினால் இவள் மாத்திரையோடு ஓடுவாள். அப்படிப்பட்டவளை அன்றைக்கு இவள் எங்கே கொண்டுபோய் நிறுத்தினாள் என்பதுதான் விஷயம்.

பளபளப்பான சாமானைப் படம் எடுப்பது எல்லோரும் நினைப்பதுபோல் சுலபமில்லை. அது தன்னைக் காட்டாது, தனக்கு எதிரே இருப்பதையெல்லாம் காட்டும். ஜன்னல், விளக்கு, கேமரா, எடுக்கிறவளின் மூக்கு வரை எல்லாம் அதில் தெரியும். அதனால் ஒவ்வொன்றாக மறைக்க வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம். சுற்றிலும் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. சைமா தலையிலிருந்து கால் வரை கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, லென்ஸை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உட்காருவாள். பேய்க்கும் அவளுக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இருக்காது.

அன்றைக்கு வந்திருந்தது ஓர் எவர்சில்வர் குடம், வண்ணாரப்பேட்டை பக்ருதீன் பாய் கடையிலிருந்து. சாமான்களிலேயே சனியன் பிடித்தது குடம்தான். உருண்டை வயிறு, அறையின் நாலு மூலையையும் ஒரே மடக்கில் விழுங்கிவிடும். காலையிலிருந்து மறைத்து மறைத்து மகிழினிக்குக் கை ஓய்ந்துவிட்டது. 11.46-க்கு முதல் படம் எடுத்தார்கள்.

லேப்டாப்பில் குடம் நிலா மாதிரி வெளுப்பாக வந்தது. வயிற்றின் இடது பக்கம் மட்டும் கடுகளவு ஒரு கறுப்புக் கறை.

"மகி, அட்டைக்கு நடுவுல சந்து கீது பாரு."

"சந்து எங்கடி கீது? ஒட்டித்தான் வச்சிகீறேன்."

"இன்னொண்ணு வச்சி அடச்சிடு."

மகிழினி முணுமுணுத்துக்கொண்டே இன்னோர் அட்டையை வைத்தாள். 11.50. கறை போகவில்லை. முன்பு அட்டைக்குப் பின்னால் இருந்த மாதிரி தெரிந்தது, இப்போது அட்டைக்கு முன்னால் இருந்தது. அப்போதே சைமா பயந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது எரிச்சல்.

குடத்தைத் துடைத்தாள். லென்ஸைத் துடைத்தாள். குடத்தைக் கால்வாசி திருப்பி வைத்தாள். குடத்தில் கீறல் என்றால் கறையும் கூடவே திரும்பும். திரும்பவில்லை. அப்படியென்றால் அது குடத்தில் இல்லை, அறைக்குள் எங்கோ இருக்கிறது.

12.04-க்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கறை நீளமாக இருந்தது. மேலே உருண்டையாக ஒன்று. கீழே இரண்டாகப் பிளந்திருந்தது. விளக்கு மாட்டும் ஸ்டாண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஸ்டாண்டுக்கு மூன்று கால் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கறையைப் பிடிக்க அவர்களிடம் ஒரு முறை உண்டு. அட்டைகளை விலக்கிவிட்டு, ஒருத்தி போன் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் மெதுவாக நடப்பாள். இன்னொருத்தி குடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். குடத்தில் அந்த வெளிச்சப் புள்ளி கறையின்மேல் எப்போது விழுகிறதோ, அப்போது நடப்பவள் நிற்கும் இடத்தில்தான் திருடன் இருக்கிறான். நூறு தடவை செய்த வேலை இது.

"டார்ச்சப் போட்டுக்கினு நட. நான் சொல்றேன்."

"பசிக்குதுடி. துன்னுட்டு வந்து பாக்கலாம்."

"ரெண்டே நிமிசம். பேஜார் பண்ணாத, நட."

சைமா துணிக்குள் புகுந்தாள். மகிழினி நடந்தாள். கீழே ஐஸ் உடைக்கும் சத்தம் காலையிலிருந்து ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தட்... தட்... அது நின்றது. லாரி சத்தம் நின்றது. தெருவே வாயைப் பொத்திக்கொண்டது.

"வலது பக்கம் போ... இன்னும்..."

வெளிச்சப் புள்ளி கறையை நெருங்கியது. கறை திரும்பியது.

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள் சைமா.

"இன்னும் ரெண்டடி... நில்லு. அங்கதான்."

"இங்க ஒண்ணியும் இல்லடி. ஆனா சில்லுனு கீது."

12.19. படம் எடுத்தாள்.

கறை இல்லை. மகிழினி மட்டும், கையில் வெளிச்சத்தோடு. சைமாவுக்குச் சிரிப்பு வந்தது.

"போச்சுடி. வந்துரு."

மகிழினி வந்தாள். குடத்தில் அவள் உருவம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சைமா அதைப் பார்த்தாள்...

மகிழினிக்கு நாலு கால் இருந்தது.

"மகி..."

போன் தரையில் விழுந்தது. பிறகு ஒரு சத்தம். கர்ர்... கர்ர்... தொண்டையிலிருந்து.

குடத்தில் தெளிவாகத் தெரிந்தது. பின்னாலிருந்து இரண்டு கைகள். மகிழினியின் கழுத்தில்.

சைமா துணியை உதறினாள். வரவில்லை. வெளியிலிருந்து யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

கிளிக்.

அவள் கேமராவைத் தொடவில்லை.

கிளிக். கிளிக்.

துணியைப் பல்லால் கிழித்துக்கொண்டு வெளியே வந்தாள். அறையில் மகிழினியைத் தவிர யாரும் இல்லை. முகம் நீலம். கால் விரல் நுனி மட்டும் தரையில். குதிகால் அந்தரத்தில்.

"வுட்றா அவள!"

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து இழுத்தாள். அசைக்க முடியவில்லை. குடத்தைப் பார்த்தாள். இப்போது அந்த உருவம் சைமாவைப் பார்த்தது.

கிளிக்.

கறுப்புத் துணியை எடுத்துக் குடத்தின்மேல் வீசினாள்.

மகிழினி விழுந்தாள்.

மூச்சு வந்தது.

கீழே... தட்... தட்... ஐஸ் உடைக்கும் சத்தம். மசூதியில் பாங்கு சொன்னார்கள். மணி 12.30.

மகிழினியின் கழுத்தில் பத்து விரலும் பதிந்திருந்தன. எட்டு நாள் கழித்துத்தான் மறைந்தன. அவள் வேலையை விட்டுவிட்டாள். சைமா அந்த வாரமே அறையைக் காலி செய்தாள். பக்ருதீன் பாய் அந்தக் குடத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துப் படம் எடுத்தார், கறை எதுவும் இல்லாமல் சுத்தமாக வந்தது. ஆக, குடத்தில் கோளாறு இல்லை. பழைய கட்டடம், அறையில்தான் என்னவோ இருந்திருக்கிறது என்று சைமா முடிவு கட்டினாள். தோழியை உயிரோடு மீட்டுவிட்டோம், அது போதும் என்று கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதி தீபாவளி வரைக்கும்தான். ஒரு கடைக்காரர் பழைய படம் ஒன்றைக் கேட்டார். சைமா இரண்டு வருஷத்துப் படங்களையும் திறந்தாள். கரண்டி, குழாய், கடிகாரம்... எல்லாவற்றிலும் கறை இருந்தது. ஒவ்வொரு தடவையும் அட்டைச் சந்து என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டுக் கடைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆரம்பத்துப் படங்களில் அது ஊசிமுனை அளவு. அந்தப் படங்கள் ராயபுரத்தில் எடுத்தவையே இல்லை. தண்டையார்ப்பேட்டையில் சைமாவின் வீட்டு முன்னறையில் எடுத்தவை. பத்தடி அறை. கறை நின்ற தூரத்தைக் கணக்கிட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் வெகு தொலைவில் இருந்தது.

பதினேழு நாட்களின் படங்களில் மட்டும் கறை இல்லை. சைமா காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தாள். டைபாய்டு காய்ச்சல், மாமன் மகள் கல்யாணம், பல் பிடுங்கியது... பதினேழு நாளும் மகிழினி லீவு.

அது எந்த அறையிலும் குடியிருக்கவில்லை. மகிழினிக்காகவே வந்திருக்கிறது. படத்துக்குப் படம் நெருங்கி, கடைசி ஐந்து மாதமாக அவளிடமிருந்து எட்டடி தள்ளி அப்படியே நின்றிருக்கிறது. அதற்கு மேல் ஓரடி கூட அதனால் வர முடியவில்லை. ஏன் என்று சைமாவுக்குத் தெரியாது. அந்த எட்டடியையும் வலது பக்கம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிச் சொல்லி மகிழினியை நடக்க வைத்தது அவளேதான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வியாசர்பாடிக்குப் போனாள். மகிழினி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் எல்லோரிடமும், "இவ இல்லாங்காட்டி அன்னிக்கு நான் செத்துப் பூட்டிருப்பேன்" என்றாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல், சைமா அவர்கள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மகிழினி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து எதிரே நின்று நீட்டினாள். புது எவர்சில்வர் டம்ளர். சைமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குடித்தாள்.