வாலிலை வச்ச பொட்டு

நான் கிளீனிங் செய்யிற லாப்பிலை ஒரு வெள்ளைக்கார அக்கா மைக்ரோஸ்கோப்புக்குக் கீழை ரெண்டு மரவட்டையளைக் காட்டினா. எனக்கு ரெண்டும் ஒண்டுதான். ஆண் அட்டையின்ரை ஏழாவது வளையத்திலை இருக்கிற சின்னக் கொக்கியைப் பாத்தால்தான் இனம் தெரியுமாம். தலையிலை இருந்து எண்ணத் தொடங்க அப்பான்ரை ஞாபகம் வந்திட்டுது. அவர் செத்து மூண்டு மாசம்.

அந்த ஞாபகத்திலை எனக்கு ஆறு வயசு. மழை பெய்தால் லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டுப் பாத்ரூமுக்கை மரவட்டை வரும். அப்பா அதைக் கடை பில்லிலை ஏத்தி, "விசா இல்லாமல் வந்திட்டார்" எண்டு சொல்லிப் பின்வளவிலை விடுவார். நான் ஒண்டின்ரை வாலிலை அம்மா நகத்துக்குப் பூசிற சிவப்புக் கியூட்டெக்ஸாலை பொட்டு வச்சு வளர்க்கத் தொடங்கினன். அடுத்த நாள் அதைக் காணேல்லை. அழுதழுது சாப்பிடாமல் இருந்தன்.

பின்னேரம் அப்பா நனைஞ்சபடி வந்து பில்லை நீட்டினார்.

"இஞ்சை பார் பிள்ளை, உன்ரை ஆள் வந்திட்டார்."

பொட்டு தலையிலை இருந்தது.

"நான் வாலிலையெல்லோ வச்சனான்?"

"ரிவேர்ஸிலை வந்தவர், அதுதான்."

அப்பா மினிகாப் டாக்ஸி ஓடினவர். நான் நம்பீட்டன்.

"ஒண்டோ, வேறையோ?" எண்டு லாப் அக்கா கேட்டா. கொக்கியள் ரெண்டும் வேறை வேறை மாதிரி வளைஞ்சிருந்தது.

"வேறை," எண்டன்.

அண்டைக்குப் பில்லை நீட்டேக்கை அப்பான்ரை பெருவிரல் நகத்திலையும் சிவப்பு இருந்தது. இப்பதான் ஞாபகம் வருது.

அப்பா, மழையுக்கை எவ்வளவு நேரம் தேடினனீங்கள்?