கூட்டில் கிடந்த நீல நூல்

சிதம்பரத்தில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, கடலூர் முதுநகரில் ஒரு தென்னைமரத்தின் உச்சியைப் பார்ப்பதுதான் என் வேலை. மரத்தில் செம்பருந்துக் கூடு. கூட்டுக்கு மேலே கேமரா. அதில் தெரிவதையெல்லாம் நான் குறித்துவைக்க வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கும் அதே நேரலை போனது. முதல் விதி: பார்க்கலாம், தொடக் கூடாது.

மரம் நின்றது மீன் விற்கும் ஓர் அக்காவின் கொல்லையில். கீழேயிருந்து அவருக்கு மட்டைதான் தெரியும். கையில் இருந்ததோ பட்டன் போன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் கூப்பிடுவார்.

"குஞ்சு எப்படி இருக்கு தம்பி? மரம் என்னுது, பாக்குறது நீ" என்று சிரிப்பார்.

பெரிய பறவை ஒருநாள் துறைமுகப் பக்கமிருந்து அறுந்த வலைநூல் ஒன்றைக் கொண்டுவந்தது. நீல நைலான். 'கூட்டுப் பொருள்' என்ற கட்டத்தில் சந்தோஷமாகக் குறித்தேன். என் அறிவு அவ்வளவுதான். குஞ்சு எழுந்து நிற்கப் பழகிய வாரத்தில் அந்த நூல் காலில் சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது.

எங்கள் தலைமை ஆய்வாளரிடம் ஓடினேன். "வனத்துறை அனுமதி இல்லாம ஆள் ஏத்த முடியாது. லெட்டர் போடுறேன்" என்றார். போட்டார். பதில் வருவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. அக்கா கேட்டார். நல்லா இருக்குக்கா என்றேன். உண்மையைச் சொன்னால் உடனே மரமேறியைக் கூப்பிட்டுவிடுவார், என் வேலை போய்விடும். அந்தப் பயம்தான். விதியின் மேல் எனக்கு அப்படியொன்றும் பக்தி கிடையாது.

கால் கறுத்தது. தாய் மீனைக் கிழித்து ஊட்டிப் பார்த்தது. பிறகு வைத்துவிட்டுப் போனது. பிறகு வரவே இல்லை. பள்ளிகளுக்குப் பழைய பதிவை ஓடவிட்டோம். நான் 'அசைவில்லை' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிடவும் செய்தேன்.

அடுத்த ஞாயிறு, "பறந்துடுச்சுக்கா" என்றேன். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்றார்.

அனுமதி வந்தபோது கேமராவைக் கழற்றத்தான் ஆள் ஏறினார். காலில் நூலோடு காய்ந்துகிடந்த குஞ்சோடு கூட்டையும் இறக்கி அக்காவின் முன்னால் வைத்திருக்கிறார். அன்று ஞாயிறு இல்லை. போன் வந்தது.

"தெனமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த தம்பி?"

"ஆமாக்கா."



"வலநூலுதானே. நாங்க தெனம் அறுக்குறது. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவர் கூப்பிடவில்லை.