துரோகி என்று விழுந்த சீட்டு

பின்னேரம் ஆறரைக்கு எங்கள் வீட்டில் ஒரு கிரகம் எரியும். தொலைக்காட்சியில்தான். எங்கோ வெளிநாட்டில் எடுத்த விண்வெளித் தொடர். தமிழில் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஆறு கண்ணும் நீலத் தோலும் உள்ள பிறவிகள்கூட இந்தியத் தமிழில் சண்டை பிடிக்கும். "உதுகளுக்கு வேற வேலை இல்லையோ" என்று குசினிக்குள் நின்று புறுபுறுப்பேன். ஆனாலும் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலில் வந்து நின்று பார்ப்பேன். என் மருமகளுக்கு அது தெரியும். எனக்கென்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டு வைத்திருப்பாள்.

மருமகள் என்றால் தம்பியின் பிள்ளை. வயது பதினாறு. பெற்ற மூன்றாம் மாதமே தாய் காய்ச்சலில் போய்விட்டாள். யுத்தம் முடிந்த கிழமை தகப்பனும் இல்லாமல் போனான். செத்துவிட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இருக்கிறான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. நான் கலியாணம் கட்டவில்லை. ஸ்கந்தபுரத்தில் முன்பள்ளி ரீச்சர். ஒழுங்கையில் யாருக்குப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடமாட்டேன் என்று எனக்குப் பெயர்.

போன மாதம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் விவாதப் போட்டி வைத்தார்கள். விண்வெளித் தொடர்களில் வரும் கிளர்ச்சிக்காரர் வீரர்களா, துரோகிகளா? தலைப்பைக் கேட்டதும் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எழும்பிப் போய் வாசலை எட்டிப் பார்த்தேன். தலைப்புப் போட்ட வாத்தியார் கெட்டிக்காரன். எங்கள் ஊர்க் கதையை மேடையில் ஏற்றினால் யாராவது வந்து விசாரிப்பார்கள். வேறு கிரகத்தில் வைத்துக் கதைத்தால் அதிபரே முன்வரிசையில் இருந்து கை தட்டுவார். இங்கே நாங்கள் எல்லோரும் அப்படித்தான். கதைக்க வேண்டியதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத்தான் கதைப்போம்.

சீட்டுக் குலுக்கியதில் என் மருமகளுக்குத் துரோகிகள் என்ற பக்கம் விழுந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"மாமி, இதை நான் என்னெண்டு கதைக்கிறது? சீட்டை விரிச்ச உடன வகுப்பு முழுக்க என்னைத்தான் பாத்தது."

"பாத்தாப் பாக்கட்டும். சீட்டு விழுந்தாக் கதைக்கத்தான் வேணும். அழுதுகொண்டு போகாத, வெண்டுகொண்டு வா" என்றேன். எனக்குப் பெரிய வாய்.

போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் அவள் கொப்பியும் பேனையுமாகத் தொடருக்கு முன்னால் இருந்தாள். கதை இதுதான். பெரிய கப்பலில் வேலை செய்த ஒருவன் அதை விட்டுவிட்டு, எல்லைக் கிரகத்துச் சனத்தோடு சேர்ந்து கொஞ்சக் காலம் சண்டை பிடித்தவன். அன்றைக்குச் சனம் தோற்றுவிட்டது. பசியோடு வரிசையில் நிற்கிறார்கள். கிளர்ச்சியில் இருந்தவர்கள் தாங்களாக வந்து சொன்னால் மன்னிப்பு என்று கப்பற்காரர் அறிவிக்கிறார்கள். அவனுடைய அக்கா, "போய்ச் சொல்லு, விட்டுடுவாங்க" என்கிறாள். அவன் போகிறான். பிறகு அவனைக் காட்டவே இல்லை.

மருமகள் துள்ளி எழும்பினாள்.

"மாமி, பொயின்ற் கிடைச்சிட்டுது! அவன் துரோகி இல்லை, அந்த அக்காதான் துரோகி. அவளும் கிளர்ச்சிக்காரருக்குச் சோறு குடுத்தவள்தானே? தங்கட ஆளையே அனுப்பி வைக்கினம் எண்டு அடிச்சா எங்கட பக்கம் வெல்லும்."

"அவள் நல்லதுக்குத்தானே சொன்னவள்" என்றேன். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது.

"நல்லதுக்குச் சொன்னாப் போனவன் திரும்பி வந்திடுவானோ மாமி?"

கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அதைச் சாட்டாக வைத்து எழும்பிப் போனேன். குசினிக்குள் சட்டியை இறக்கி வைத்தேன்.

ஓமந்தைக்குக் கிட்ட, வெயிலுக்குள் நாங்களும் அப்படித்தான் வரிசையில் நின்றோம். இயக்கத்தில் ஒரேயொரு நாள் இருந்தவர்களும் வந்து பதியுங்கள் என்று ஆமிக்காரரின் ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. தம்பி இருந்தது பதினேழு நாள். அதுவும் பிடித்துக்கொண்டு போய் உழவு இயந்திரம் ஓடவிட்டது. பதினெட்டாம் நாள் ஓடி வந்துவிட்டான்.

"அக்கா, ஆருக்குத் தெரியப் போகுது? பேசாமல் நிப்பம்" என்றான்.

எனக்குப் பதிவு என்றால் கடவுள் மாதிரி. எத்தனை இடம்பெயர்வு, எத்தனை மரத்தடி! போன இடமெல்லாம் பதிந்தவனுக்குத்தான் அரிசி, பதிந்தவனுக்குத்தான் கூடாரம். பதியாதவன் பசியோடு நின்றான். அத்தனை வருடம் அதைத்தான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். ஒளித்தால் பிறகு பிடிபடுவான், இப்போதே பதிந்தால் பின்னேரத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்று சத்தியமாக நம்பினேன்.

"பிள்ளையை என்னட்டத் தா. போய்ப் பதிஞ்சிட்டு வா" என்றேன்.

பிள்ளைக்கு அப்போது பத்து மாதம். தகப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தது நான். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். பதிந்தவர்களை ஏற்றிய பேருந்தில் அவன் ஏறிய பிறகுதான், பால்போத்தல் அவனுடைய காற்சட்டைப் பைக்குள் இருப்பது நினைவு வந்தது. கத்திக் கூப்பிட்டேன். அவனுக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்காக நான் நிரப்பாத படிவம் இல்லை. கடைசியாகக் கண்டவர் யார் என்று எல்லாவற்றிலும் கேட்பார்கள். என் பெயரை எழுதுவேன். போகச் சொன்னது யார் என்ற கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

போட்டிக்கு நானும் போனேன். பிள்ளை நன்றாகப் பேசினாள். அந்த அக்காவைப் பற்றிச் சொல்லும்போது கையை நீட்டி, "பசிக்குப் பயந்து தம்பியைக் கொடுத்தவள்" என்றாள். பசிக்குப் பயந்து இல்லை என்று எழும்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மண்டபம் முழுக்கக் கை தட்டியது. நானும் தட்டினேன். அவளுடைய பக்கம்தான் வென்றது.

வீடு திரும்பும்போது அவள் சைக்கிளை ஓட்டாமல் உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தாள். வாய்க்கால் மதகு தாண்டியதும் கேட்டாள். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

"மாமி, அப்பா பதியப் போகேக்குள்ள நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வராது என்று தெரிந்தது. சொன்னால் இவளுக்கு நான்கூட இல்லாமல் போய்விடுவேன். எனக்கும் இவளை விட்டால் யார்?

"பக்கத்திலதான் பிள்ளை. நீ என்ர இடுப்பில இருந்தனீ."

"நான் அழுதனானோ?"

"ஓம். சரியா அழுதனீ."

அவள் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் கையைப் பிடித்தாள்.

"பாவம் மாமி நீங்கள். அவரை மறிக்கேலாமல் நிண்டிருப்பீங்கள், என்ன?"

"ஓம்" என்றேன்.