கத்திக்கொண்டே நடந்த திலகம்

ரிங்லெட் என்ற மலையூரின் ஞாயிற்றுக்கிழமை நடைக் குழுவில் யார் முன்னால் போகிறார்களோ, அன்றைய சிலந்தி வலைகள் எல்லாம் அவர்கள் முகத்துக்குத்தான். அதனால் முதல் ஆள் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்றை முகத்துக்கு நேரே வட்டமாகச் சுற்றிக்கொண்டே நடக்க வேண்டும். சாமிக்குக் கற்பூரம் காட்டுவதுபோல் இருக்கும் என்பதால் அந்த வேலைக்குத் 'தீபம் காட்டுறது' என்று பெயர்.

திலகத்திடம் அந்தக் குச்சியை யாரும் கொடுத்ததில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, லெம்பா பெர்த்தாம் பூந்தோட்டத்தில் சாமந்திப் பூக்கட்டு போடுகிறவள் அவள். 2013-இல் அணை திறந்து சேற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது தையல் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுச் சேற்றில் நடந்து வெளியே வந்தவள். அட்டை கடித்தால் பிடுங்கி எறிந்துவிட்டு நடப்பாள். ஆனால் கன்னத்தில் ஒரு வலை நூல் ஒட்டினால் போதும், ஊரைக் கூட்டிவிடுவாள். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லிக் குழுவில் சேர்ந்தாள். இப்போது வாரத்தில் தனக்கென்று அவள் வைத்திருப்பது அந்த ஒரு காலைதான்.

போன வாரம் முன்னால் போனவர் தப்பவிட்ட வலை ஒன்று அவள்மேல் ஒட்டியது. அலறிப் பின்வாங்கியதில், பின்னால் வந்த கிளினிக் நர்ஸ் ரேகாவும் அவளோடு சேர்ந்து தேயிலைச் செடிக்குள் விழுந்தாள். குழுத் தலைவர் குணாளன் நெட்டையான பள்ளி ஆசிரியர். அன்றே ஒரு சட்டம் போட்டுவிட்டார்: கத்துகிறவர்கள் இனி வேன் நிற்கும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

இந்த வாரம் கியா பார்ம் சந்தையைத் தாண்டி வேன் நின்றதும் அவர் சொன்னார்.

"அக்கா, நீங்க இந்தக் கடையில தே தாரிக் குடிச்சிக்கிட்டு இருங்கலா. நாங்க போய்ட்டு வந்துடுறோம்."

"சர்க்கரைக்காரிக்குப் பாலும் சீனியும் போட்ட தே தாரிக்கா? நல்லா இருக்கு சார் உங்க வைத்தியம். நான் நடக்க வந்தேன்."

"வலை ஒட்டுனா கத்துவீங்களே?"

"எங்க இருக்குன்னு தெரியாமதான் கத்துனேன். இன்னிக்குத் தீபம் நான் காட்டுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். "பூசாரியம்மா முன்னால போங்க" என்று குணாளன் குனிந்து குச்சியை நீட்டினார். முதல் வலையிலேயே திரும்பிவிடுவாள் என்று நினைத்து, அதை அருகிலிருந்து பார்க்க அவளுக்கு நேர் பின்னால் வந்தார்.

அதுதான் தப்பு. திலகம் குள்ளம். அவள் சுற்றிய வட்டம் குணாளனின் மார்பு வரைக்கும்தான் எட்டியது. அதற்கு மேலே இருந்த வலைகள் அப்படியே நின்றன. முதல் வலை அவர் மூக்குக்கண்ணாடியில் ஒட்டியது. அடுத்தது, ஒரு மரத்தைப் பற்றி அவர் விளக்கம் சொல்லத் தொடங்கும்போது வாய்க்குள்ளேயே போனது. மூன்றாவது, குடித்தனக்காரச் சிலந்தியோடு வந்து தொப்பியில் தொங்கியது.

"ஐயோ! எடுங்க! எடுங்க!" என்று அவர் ஒற்றைக் காலில் ஆடினார். "அக்கா, குச்சியை மேல தூக்கிக் காட்டுங்கலா!"

"என் உயரத்துக்கு நான் காட்டுறேன் சார். உங்க உயரத்துக்கு நீங்க காட்டிக்குங்க."

"சார், கத்துனவங்க வேனுக்குப் போணும்லா?" என்றாள் ரேகா.

"நான் கத்தல. எச்சரிக்கை பண்ணேன்."

பாதை குறுகிய இடத்தில், ஒரு கிளையில் மாட்டிக் குச்சி ஒடிந்தது. எதிரே இரண்டு மரங்களுக்கு நடுவில், சரியாகத் திலகத்தின் முகத்துக்கு நேரே, சல்லடை அகலத்துக்கு ஒரு வலை. அவள் கால் நின்றது.

"தள்ளுங்கக்கா, நான் போறேன். நீங்க பின்னாடி வாங்க" என்றார் குணாளன். இந்த முறை கேலி இல்லை, இரக்கம்தான். இப்போது பின்னால் போனால் அடுத்த ஞாயிறு கடை வாசலில்தான் என்று திலகத்துக்குத் தெரியும்.

"குனிஞ்சாவது போங்கக்கா" என்றாள் ரேகா.

"குனிய மாட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டு நேரே நடந்தாள். புருவத்திலிருந்து உதடு வரை வலை ஒட்டியது. அலறினாள். மரத்திலிருந்த பறவைகள் கலைந்தன. ஆனால் கால் நிற்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் போய், முகத்தைத் துடைக்காமலேயே திரும்பினாள்.

"கத்திட்டேன். அடுத்த வாரமும் கத்துவேன். வேன்ல மட்டும் உட்கார மாட்டேன்."

குணாளன் அவள் கிழித்த ஓட்டை வழியாகத் தலை குனிந்து நுழைந்தார். அதற்குள் திலகம் அடுத்த வளைவில் திரும்பி மறைந்துவிட்டாள். அங்கிருந்து இன்னோர் அலறல் கேட்டது. கேட்ட பக்கமாகவே எல்லோரும் நடந்தார்கள்.