பஸ்ஸில் வாந்தி வருமா என்று டாக்டர் கேட்டார்

கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுக்குப் பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவள் மனைவியாக வாய்த்தாள் என்று எங்கள் டிரைவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் ஒரகடம் வண்டிக்குப் புதிதாக வந்தபோது, ஸ்ரீபெரும்புதூரில் ஏறுகிற பெண்களில் அவள் மட்டும் முன் ஜன்னலோரத்தைத்தான் கேட்பாள். அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், "எனக்கு வண்டி ஒத்துக்காது, கொஞ்சம் நவுந்துக்கங்க" என்று நேராகச் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்கு வெட்கம் கிடையாது. காருக்கு ஒயர் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. நான் பிரேக்கை மெல்ல மிதிக்கக் கற்றுக்கொண்டது அவளால்தான். அதற்குப் பிறகு கல்யாணம், பிள்ளைப்பாக்கத்தில் குடித்தனம், ஒரு பெண் குழந்தை.

குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயத்தில் அவளுக்குக் கர்ப்பப்பை பக்கத்தில் நீர்க்கட்டி என்றார்கள். ஒரு சின்ன மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து, துளை போட்டு எடுத்தார்கள். ஆப்பரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. கண் திறந்ததும் ஆரம்பித்தது வாந்தி. வயிற்றில் ஒன்றுமே இல்லை, பச்சையாகத் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு முறை குமட்டும்போதும் தையல் இழுத்து அவள் முனகினாள். மறுநாள் காலைவரை அப்படியே. ஒரு தையலில் ரத்தம் கசிந்து, மறுபடியும் போட வேண்டியதாயிற்று. அங்கிருந்த நர்ஸ் நல்ல பெண்தான். "மயக்க மருந்து குடுத்தா அப்படித்தான் இருக்கும் சார், பொறுத்துக்கணும்" என்றார். நாங்களும் அது அப்படித்தான் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"வலியக் கூட தாங்கிக்கலாம்யா. இது வேணாம். இனிமே இன்னா வந்தாலும் மயக்கம் குடுக்க வுடமாட்டேன்."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். சில வருடங்கள் கழித்து அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்தபோதுதான் அது முடிவு என்று புரிந்தது. எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டால் விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விடுவாள். சர்ஜன், பையோடு எடுத்துவிட வேண்டும், கல் நகர்ந்து கணையக் குழாயை அடைத்தால் ஆபத்து என்று விளக்கினார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, "வூட்டுக்குப் போலாம்" என்றாள். நான் கெஞ்சினேன், அதட்டினேன். அவள் அம்மா வந்து அழுதுவிட்டுப் போனார். அசையவில்லை.

ஒரு நாள் தொழிற்சாலையில் லைனில் வேலையாக நின்றுகொண்டிருந்தபோதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் கம்பெனி ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினார். அதிலும் வழியெல்லாம் வாந்தி. நான் போய்ச் சேர்ந்தபோது டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனால் யோசித்து முடித்துவிட்ட முகம்.

"ஆப்பரேஷன் பண்ணிக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி மயக்கம் குடுக்கற டாக்டர நான் பாக்கணும். அவருகிட்ட பேசணும்."

"அவருகிட்ட இன்னா பேசுவ?"

"போன தடவ எனக்கு இன்னா ஆச்சுன்னு சொல்லுவேன். சொன்னாதான தெரியும்? பீஸ்ல டிபெக்ட் வந்தா நாங்க லைன்ல அடுத்த ஸ்டேஷன்ல கீறவங்களுக்கு சொல்லித்தான அனுப்பறோம். என் ஒடம்புக்கு யாரு சொல்லுவா?"

அப்படி ஒரு டாக்டரைத் தனியாகப் பார்த்துப் பேசலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பெரிய மருத்துவமனை ஒன்றில் கேட்டோம். ஆப்பரேஷனுக்கு முன்னால் எப்படியும் அவரைப் பார்த்தாக வேண்டும், அது வழக்கம்தான் என்றார்கள். அந்த வாரமே வரச் சொன்னார்கள்.

மயக்க டாக்டர் ஒரு பெண். எங்களைவிட வயது குறைவாக இருக்கும். சுகர், பிரஷர், மூச்சிரைப்பு, ஆடுகிற பல் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். முன்னால் ஆப்பரேஷன் ஏதாவது நடந்ததா என்று கேட்டதும், என் மனைவி அதற்காகவே காத்திருந்தவள், முழுக்கச் சொன்னாள். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தப் பக்கத் தையல் விட்டது, எல்லாவற்றையும். அழாமல், குரல் ஏறாமல் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பஸ்ல, கார்ல போனா வாந்தி வருமா?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவுரு ஓட்டற பஸ்லயே வரும் டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, "சிகரெட் பழக்கம்?" என்றார்.

"எனக்கா?"

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். சிகரெட் பிடிக்கறவங்களுக்கு ஆப்பரேஷனுக்கு அப்புறம் வாந்தி கொஞ்சம் கம்மியா இருக்கும். அதுக்காக யாரும் பிடிக்க ஆரம்பிக்க வேணாம், அதால வர்ற கெடுதல் ரொம்பப் பெருசு." என்னைப் பார்த்து அதைச் சொன்னார். என் சட்டைப் பையில் பெட்டி தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு அவர் விளக்கினார். பெண்களுக்கு இது அதிகம் வருமாம். சிகரெட் பிடிக்காதவர்களுக்கும், வண்டியில் குமட்டுகிறவர்களுக்கும், முன்பே ஒரு முறை இப்படி அவதிப்பட்டவர்களுக்கும் அதிகமாம். ஆப்பரேஷனுக்குப் பின் கொடுக்கிற பலமான வலி மருந்தும் அதைத் தூண்டுமாம்.

"நீங்க எல்லாத்துலயும் இருக்கீங்க" என்றார்.

"அப்போ எனக்கு கண்டிப்பா வரும்னு சொல்றீங்களா?"

"இல்லம்மா. யாருக்கு வரும்னு முன்னாடியே தெரிஞ்சா தடுக்க நெறைய வழி இருக்குன்னு சொல்றேன். மூச்சு வழியா வாயு குடுக்காம, உங்களுக்கு முழு மயக்கத்தையும் நரம்பு ஊசியிலேயே குடுக்கறேன். அதுல கொமட்டல் கம்மி. வாந்திக்கும் ஒரே மருந்த நம்பப் போறதில்ல. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு மாத்திரை, தூங்கின ஒடனே ஒரு ஊசி, முடியற நேரத்துல இன்னொரு ஊசி. ஒவ்வொண்ணும் வேற வேற வழியில வேலை செய்யும். தொளை போடற எடத்துலயே மரத்துப்போற மருந்து போட்டா, பலமான வலி மருந்தும் அதிகம் வேண்டியிருக்காது."

அவள் ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் ஒரு இடத்தில் திருத்தினார். முடித்துவிட்டு அவள் கேட்டாள்.

"இதெல்லாம் பண்ணா வராதுல்ல?"

"வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. வந்தாலும் போன தடவ மாதிரி விடமாட்டோம். லேசா கொமட்டும்போதே சொல்லணும், அடக்கி வெச்சுக்கக் கூடாது. வேற மருந்து கைவசம் இருக்கு."

வெளியே வந்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது தெரிந்தது. "வராதுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்யா" என்றாள். "இந்தம்மா நெஜத்த சொல்லுது."

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் இரவு சீக்கிரமே சாப்பிட்டாள். காலையில் அவர்கள் சொன்ன நேரம்வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று இருந்தது. முன்பு அதைக்கூடக் குடிக்க விடவில்லை. நாக்கு வறண்டு போனது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மகளுக்குப் போனில் ஸ்கூல் பை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் முதல் தடவை இருந்த பயம் வேறு. அப்போது என்ன நடக்கப் போகிறது என்பதே தெரியாது. இப்போது உள்ளே இருக்கிறவருக்கு அவளைத் தெரியும்.

மயக்கம் தெளிந்து அவளை வார்டுக்குக் கொண்டுவந்தபோது, டிராலி தள்ளிய அண்ணனோடு நானும் நடந்தேன். தாழ்வாரத்தில் ஒரு வளைவு வந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, திருப்பத்துல கொஞ்சம் மெதுவா. இவுங்களுக்கு வண்டி ஆடினா ஆகாது" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "டாக்டரம்மா உள்ளயே சொல்லிட்டாங்க சார்" என்றார். நிஜமாகவே, தளும்பாமல் தண்ணீர்க்குடம் கொண்டுபோகிற மாதிரித்தான் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். நான்தான் கவனிக்கவில்லை.

கட்டிலில் படுக்க வைத்தார்கள். நான் வாந்தி பிடிக்கிற தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தபடி நின்றேன். போன முறை நின்ற அதே மாதிரி. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தட்டையும் பார்த்தாள்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. எப்படிக் கீது?"

"தொண்ட கரகரன்னு கீது. வலி கொஞ்சம்." தட்டை நோக்கிக் கண்ணைக் காட்டினாள். "அந்தத் தட்ட கீழ வையி. அதப் பாத்தாதான் கொமட்டுது."

வைத்துவிட்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நர்ஸ் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் அவளுக்கு லேசாகப் புரட்டியது. நான் எழுவதற்குள் அவளே பெல்லை அழுத்திவிட்டாள். நர்ஸ் வந்து ஊசி போட்டார். தலையைச் சற்று உயர்த்தி, ஆடாமல் படுக்கச் சொன்னார். அடங்கிவிட்டது. பிறகு ஒரு வாய் தண்ணீர், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டாள். டாக்டர் பார்க்க வந்தபோது, "ஒரு தடவ கூட எடுக்கல டாக்டர்" என்றாள், பரீட்சை எழுதி வந்தவளைப்போல. "நீங்க முழுசா சொன்னதாலதான் என்னால திட்டம் போட முடிஞ்சுது. இனிமே எங்க போனாலும் இத மொதல்ல சொல்லிடுங்க" என்றார் அவர்.

வீட்டுக்குப் போகிற வழியிலும் குமட்டலாம் என்று எச்சரித்து, அதற்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். கூட வேலை செய்யும் டிரைவர் ஒருவரின் காரை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அந்தச் சாலையில் எத்தனை வருடமாக வண்டி ஓட்டுகிறேன். கன்டெய்னர் லாரிகள் எங்கே மறிக்கும், எந்த வேகத்தடைக்கு வர்ணம் போயிருக்கிறது என்பதெல்லாம் கைக்குத் தெரியும். அன்றைக்கு ஓட்டிய மாதிரி நான் என்றைக்கும் ஓட்டியதில்லை. ஒரகடம் கூட்டுரோடு தாண்டும்போது பார்த்தேன், முன் இருக்கையில் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள். வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அவள் வேலைக்குத் திரும்பிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவள் லைனில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறவள். அவளுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி, எடுக்க வேண்டும் என்று முடிவானது. வீட்டார் ஆப்பரேஷன் அன்றைக்குத்தான் வர முடியும். மயக்க டாக்டரைப் பார்க்கிற நாளில் என் மனைவி லீவு போட்டுவிட்டு அந்தப் பெண்ணோடு கிளம்பினாள். நானும் ஷிப்டு முடித்து வந்து, அதே டிரைவரின் காரை வாங்கிக் கூட்டிப் போனேன். அந்தப் பெண் பின் இருக்கையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி வந்தாள்.

"உனக்கும் வண்டி ஒத்துக்காதா?" என்று என் மனைவி கேட்டாள்.

"கொஞ்சம் வரும்க்கா. அதப் போயி டாக்டர்ட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு? கேவலமா நெனைப்பாவ."

"கேவலம் இன்னா கேவலம். அவுங்களுக்கு வேண்டியதே அதான். அவுங்க கேக்க மறந்தா கூட நீ சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

அந்தப் பெண்ணே சொன்னாளாம். இவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஆப்பரேஷன் முடிந்த அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு முறை வாந்தி வந்தது. உடனே மருந்து கொடுத்தார்கள், நின்றுவிட்டது. கழுத்துத் தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அவள் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று என் மனைவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கூச்சப்பட்டு உள்ளே போய்விட்டாள். அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, அவள் செய்ததையெல்லாம் முதலிலிருந்து நான்தான் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருப்பேன். உள்ளேயிருந்து, "போதும்யா, அவுரு பஸ்ஸப் புடிக்கணும்" என்று குரல் வந்தது.