ராமர் தீயை விட்டு இறங்கிய ஞாயிறு

எங்கள் அப்பா பெயர் ராமர். காட்டுக்குப் போனார், அந்த மட்டுக்கும் பெயர் பொருத்தம்தான். ஆத்தா சந்திரவல்லிதான் கூடப் போகவில்லை. மலைக்குளிரும் அட்டைக்கடியும் அவளுக்கு ஆகாது. போடியிலேயே இருந்து ஏலக்காய் தரம் பிரிக்கப் போனாள். அவருக்கோ கீழே இறங்கினால் வேறு சோலி தெரியாது. சண்டை முற்றிக் கோர்ட்டுக்குப் போனது. 1981-இல் தீர்ப்பு: பதினாலு வயது நான் ஆத்தாவிடம், பதினெட்டு முடியும்வரை என் செலவுக்கு அப்பா மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், மாதம் ஒரு ஞாயிறு என்னை வந்து பார்க்கலாம்.

எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தத் தீ பார்ப்பது அப்பாவின் வேலை. பச்சைக்காய் உள்ளே ஏறினால் பகலும் ராத்திரியும் சூடு குறையாமல் விறகு தள்ள வேண்டும். அசந்தால் நிறம் செத்துவிடும். காய்க்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாதே. இரண்டு மாதம் அவர் வரவில்லை. இன்னொரு தடவை தவறினால் பார்க்கிற உரிமையையே ரத்து செய்யச் சொல்வோம் என்று ஆத்தாவின் வக்கீல் அப்பாவுக்கு எழுதிவிட்டார்.

அடுத்த ஞாயிறும் ஸ்டோர் நிறையக் காய். கூட்டாளி மொக்கச்சாமியிடம் தீயை ஒப்படைத்துவிட்டு, முகத்துக் கரியோடு லோடு ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பஸ் ஸ்டாண்டில் புரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

“என்னப்பு, மீசை மொளைச்சிருச்சா?”

“கரி. ஒங்களுக்குப் போட்டியா பூசிட்டு வந்தேன்.”

சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கே புகை ஒன்றும் இல்லை.

“பள்ளிக்கூடம்?”

“அது நல்லாத்தான் நடக்குது. நாந்தான் போறதில்ல.”

“போப்பு. எனக்குத் தீ மட்டுந்தான் தெரியும். நீயும் அதுக்கு வந்துராத.”

ராத்திரி முழுக்க முழித்திருந்த மொக்கச்சாமி பகலில் கண்ணசந்துவிட்டான். அந்தக் காய் ஆத்தா வேலை பார்த்த கம்பெனிக்கே வந்தது.

“அம்புட்டும் பழுப்பு. ஒங்கப்பன் தீயைப் போட்டுட்டு எங்க மேயப் போனாரோ!” என்றாள்.

“என்னோட புரோட்டா திங்க வந்தாரு” என்றேன்.

அப்பாவுக்கு வேலை போனது. பணம் நின்றது. மனுப் போட்டால் வந்துவிடும் என்று வக்கீல் சொல்ல, ஆத்தா கைநாட்டு வைத்தாள்.

கோர்ட்டில் ஜட்ஜ் ஐயா அப்பாவிடம், வேலை ஏன் போனது என்று கேட்டார்.

“தீயைச் சரியாப் பாக்கலீங்கய்யா.”

நான் எதிரே நின்றதால், என்னைப் பார்க்க வந்த கதையை அப்பா சொல்லவில்லை. பணம் கட்டாததற்கு ஒரு மாதம் ஜெயில்.

“பையன் செலவுக்குத்தானே கேட்டேன்? உள்ள வச்சா எங்கிருந்து கட்டுவாரு?” என்று ஆத்தா வக்கீலைக் கேட்டாள். அவர் அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்.

போலீஸ்காரர் கூட்டிப்போகையில் அப்பா என் பக்கம் குனிந்தார். “அப்பு, இந்த மாச ஞாயித்துக்கெழமைக்கு வர முடியாது. ஐயா தப்பா எடுத்துக்கிட்டா ஒன்னப் பாக்க விடமாட்டாக. வெரசாப் போயி அந்தக் கோர்ட்டுப் பியூன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு.”

ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்க நினைத்தேன். அதற்கு நேரமில்லை. ஓடிப்போய்ப் பியூனிடம் சொன்னேன். அவர் வாயிலிருந்த பீடியை எடுக்காமலே தலையாட்டினார். திரும்பி வருவதற்குள் போலீஸ் ஜீப் கிளம்பிப் போயிருந்தது.